இரண்டு கிளினிக், ஒரு நோயாளி

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தவர்களுக்கு ‘டிரஸர் ஐயா’வை மறக்க முடியாது. காய்ச்சலோ, பாம்புக்கடியோ, பிள்ளைப்பேறோ, முதலில் ஓடியது தோட்ட மருந்தகத்திற்குத்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எல்லா நோய்க்கும் ஒரே கலவை மருந்துதான் என்று டிரஸரைக் கேலி பேசியவர்களும் உண்டு. அது வேறு கதை. ஆயினும் ஒரு குடும்பத்தின் நோய் விவரம் முழுவதும் ஒரே இடத்தில், ஒருவர் அறிய இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை) எனப் பல திசைகளில் குடியேறிய பின் அந்த ஓரிடம் இல்லாமற் போயிற்று. இன்று இனிப்பு நீர் உள்ள ஒருவர் மருந்துக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிற்குப் போகிறார். விடுப்புக் கிடைக்காத மாதத்தில் பட்டணத்துத் தனியார் டாக்டரை நாடுகிறார். காலில் புண் வந்துவிட்டால் தஞ்சோங் காராங் மருத்துவமனை. மூன்று இடத்திலும் நல்ல வைத்தியமே நடக்கிறது. ஆனால் ஓரிடத்தில் எழுதியது அடுத்த இடத்திற்குத் தானாகப் போய்ச் சேர்வது அரிது. மெட்ஃபோர்மின் என்ற ஒரே மருந்து இரண்டு வியாபாரப் பெயர்களில் வீட்டுக்கு வந்து, இரண்டையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதை நாம் சிறிய விஷயமாக எண்ணலாகாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. கால் இழப்பதும் சிறுநீரகம் பழுதாவதும் இதன் தொடர்ச்சி.

வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. கர்ப்பிணிகளின் இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பாருங்கள். கிராமக் கிளினிக் தாதி எழுதுவதும், டாக்டர் எழுதுவதும் அதிலேயே. வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணக் குறி இடுவர். சிவப்பென்றால் உடனே மருத்துவமனை. புத்தகம் தாயின் கையில் இருப்பதால், அவள் எங்கே சென்றாலும் அவளுடைய விவரமும் கூடவே செல்கிறது. இனிப்பு நீர்க்காரருக்கும் கிளினிக்கில் புத்தகம் தருகிறார்கள்; தனியார் டாக்டரிடம் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். அதையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். டாக்டரிடம் மருந்தின் பெயரையும் அளவையும் அதிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆலயங்களில் மருத்துவ முகாம் நடத்தும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துண்டுச் சீட்டில் எழுதிய சர்க்கரை அளவு அன்னதானப் பந்தி முடிவதற்குள் தொலைந்துவிடும். புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். அளவு மிகுந்தவரைச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல ஒரு வேன் கொடுங்கள்.

2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் அரசாங்கக் கிளினிக்கையும் தனியார் டாக்டரையும் ஓரளவு இணைக்கிறது. அரசின் ரொக்க உதவி பெறும், 40 வயதைக் கடந்தவர்களும் அவர்தம் துணைவரும் பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலேயே இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். மைகார்டு கொண்டு போக வேண்டும். இரத்தம் எடுப்பது முதல் வருகையில். முடிவைக் கேட்க மறுபடியும் ஒரு முறை போக வேண்டும்.