பியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

(பைக்கில் மாட்டும் உபரிச் சாதனங்களுக்கு நாமே செய்யும் மின் பங்கீட்டுப் பெட்டி)



பியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் நம்மில் பலரும் "சாதனத்தை" என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பதில் எவ்வளவு அரைகுறை என்பது போன ஐப்பசியில் நடுத்தெருவில்தான் எனக்குப் புரிந்தது.

என் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பைக்கில் போய் கல்லுப்பும் கோலப்பொடியும் விற்பவர். பதிவு செய்த குரல் ஓடுவதற்கு ஒரு சின்ன ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும், ஒரு செல்போன் சார்ஜர், விடியற்காலையில் மூட்டை கட்ட ஒரு எல்.ஈ.டி. விளக்கு, இத்தனையும் ஒரு பழைய 100 சி.சி. வண்டியில். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சமயம் ஒவ்வொருத்தர் மாட்டிக் கொடுத்தது. எல்லா வயரும் பேட்டரியின் பிளஸ் முனையில் நேராக முறுக்கி விடப்பட்டிருந்தது.

ஒருநாள் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கழுத்துப் பகுதியில் ஸ்பீக்கர் செட்டுக்குப் போகும் வயர் நசுங்கி, மேலுறை கிழிந்து, சேஸிஸில் தொட்டுவிட்டது. டேங்குக்கு அடியில் புகை. அப்பா யோசிக்காமல் வயரைக் கையாலேயே பிடுங்கிவிட்டார். உள்ளங்கைத் தோல் வயரோடு போச்சு. அரையடி தூரத்தில் பெட்ரோல்.

அன்றைக்கு ராத்திரி கையில் மருந்து போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, ரெண்டு வருசமா கரண்டுப் படிப்புதான படிக்கிற? இது எதுக்கு எரிஞ்சிச்சுன்னு சொல்லு பாப்போம்." என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடியதில் பிறந்ததுதான் இந்தப் பெட்டி.

எரிந்தது ஏன்?

எரிந்த வயர் ஏறக்குறைய 0.2 சதுர மி.மீ. கனம், 1.5 மீட்டர் நீளம். ஒரு சதுர மி.மீ. தாமிரக் கம்பிக்கு மீட்டருக்கு 0.017 ஓம் மின்தடை. அப்படியானால் நம் வயருக்கு 0.13 ஓம். பேட்டரியின் உள்மின்தடை, முறுக்கல்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.23 ஓம்.

மின்னோட்டம் = 12 ÷ 0.23 = சுமார் 52 ஆம்பியர்.
வயரில் வெப்பம் = 52 × 52 × 0.13 = சுமார் 350 வாட்ஸ்.

அந்த வயரில் உள்ள தாமிரத்தின் எடை 2.7 கிராம்தான். ஒரு கிராம் தாமிரத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.385 ஜூல் போதும். ஆகவே வயர் முழுவதையும் ஒரு டிகிரி ஏற்றச் சுமார் ஒரு ஜூல். விநாடிக்கு 350 ஜூல் இறங்கினால்? ஒரே விநாடியில் 300 டிகிரிக்கு மேல். சாதாரண பி.வி.சி. மேலுறையோ 70 டிகிரிக்குத்தான் உத்தரவாதம். அப்பா கை எப்படித் தப்பும்?

இதில் முக்கியமான சங்கதி ஒன்று. ஆம்ப்ளிபயருக்குள் 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருந்தது. கழற்றிப் பார்த்தேன், துளிகூடச் சேதமில்லை! ஏனென்றால் மின்னோட்டம் அதுவரை போகவே இல்லை. பாதி வழியிலேயே சேஸிஸ் வழியாகத் திரும்பிவிட்டது. ஆக, கடைசி முனையில் இருக்கும் பியூஸ் வயரைக் காக்காது. பேட்டரியிலிருந்து புறப்படும் இடத்தில் இருக்கும் பியூஸ்தான் வயரின் காவல்காரன். இந்த ஒரு விஷயம் மனசில் பதிந்தால் மீதிக் கட்டுரையை நீங்களே எழுதிவிடலாம்.

முதலில் பட்ஜெட்

ஆம்ப்ளிபயர் 20 வாட்ஸ்: 1.7 ஆம்பியர்
செல்போன் சார்ஜர் (5 வோல்ட், 2 ஆம்பியர், இழப்பையும் சேர்த்து 12 வாட்ஸ்): 1 ஆம்பியர்
எல்.ஈ.டி. விளக்கு 10 வாட்ஸ்: 0.8 ஆம்பியர்
மொத்தம்: 3.5 ஆம்பியர்

எங்கள் வண்டியின் பேட்டரி 5 ஆம்பியர்-மணி. எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்றையும் ஓட்டினால் காகிதக் கணக்கில் 1.4 மணி நேரம். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொண்டால் 40 நிமிஷம்தான்.

எஞ்சின் ஓடும்போது மிச்ச மின்சாரம் எவ்வளவு என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தால் அதுவே சொல்லும். எங்கள் வண்டியில் எஞ்சின் நின்றிருக்க 12.6 வோல்ட், ஓட்டத்தில் 14.1, மூன்று சாதனமும் போட்ட பிறகு ஓட்டத்தில் 13.4. நல்லது, பேட்டரி இன்னும் சார்ஜ் ஆகிறது. ஆனால் மெதுவான ஐட்லிங்கில் 12.5க்கு இறங்கியது. அதாவது அப்போது பேட்டரி கைக்காசு போட்டுச் செலவு செய்கிறது. அதனால் நின்று வியாபாரம் பண்ணும்போது விளக்கும் சார்ஜரும் ஆஃப் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை: ஹெட்லைட் வயரிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பல 100 சி.சி. வண்டிகளில் ஹெட்லைட் மேக்னெட்டோ சுருளிலிருந்து வரும் ஏ.சி.யில்தான் எரிகிறது. டி.சி.க்குச் செய்த சார்ஜரை அதில் கொடுத்தால் அதோகதிதான். மேலும் 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தே தீரும். புது வண்டிக்காரர்கள் இதையும் மனசில் வைத்து அளந்து பார்க்கவும்.

தேவையான பொருட்கள்

1. நான்கு வழி பிளேடு பியூஸ் பெட்டி, மூடியுடன்
2. 12 வோல்ட் நான்கு கால் ரிலே, சாக்கெட்டுடன்
3. தனி பியூஸ் ஹோல்டர், 10 ஆம்பியர் பியூஸ்
4. 1.5 சதுர மி.மீ. வயர் (மெயின்), 1 சதுர மி.மீ. வயர் (கிளைகள்)
5. 1என் 4007 டயோடு ஒன்று
6. லக், ஹீட் ஷ்ரிங்க் டியூப், வயர் ஸ்லீவ், பெட்ரோலியம் ஜெல்லி

எல்லாம் சேர்த்து எனக்கு 650 ரூபாய்க்குள் முடிந்தது. பியூஸின் நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 3 ஆம்பியர் ஊதா, 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் மாற்றும்போது இது கைகொடுக்கும்.

இணைப்பு முறை

1. பேட்டரியின் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும்; கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டாலே ஷார்ட்.

2. பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் மெயின் பியூஸ். அந்தச் சாண் நீள வயருக்கு மட்டும் காவல் கிடையாது. அதனால் அதற்கு ஸ்லீவ் போட்டு எங்கும் உரசாமல் கட்டவும்.

3. அங்கிருந்து ரிலேயின் 30ஆம் நம்பர் காலுக்கு. 87ஆம் நம்பர் காலிலிருந்து பியூஸ் பெட்டியின் பொது முனைக்கு.

4. ரிலே சுருளின் 86ஆம் காலுக்கு, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் டி.சி. காட்டும் வயர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் வண்டியில் ஹார்னுக்கு வரும் வயர். 85ஆம் கால் மைனஸுக்கு. சுருள் இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான், வண்டியின் வயரிங்குக்கு அது பாரமே இல்லை. சாவியை எடுத்தால் மூன்று சாதனமும் தானாக அணைந்துவிடும்.

5. சுருளுக்குக் குறுக்கே டயோடு. வெள்ளிக்கோடு உள்ள முனை 86 பக்கம். சுருள் அணையும்போது கிளம்பும் எதிர் மின்னழுத்தத்தை இது விழுங்கிவிடும்.

6. கிளைகள்: ஆம்ப்ளிபயருக்கு 5 ஆம்பியர், சார்ஜருக்கு 3, விளக்குக்கு 3. நான்காவது வழி காலி. எல்லா மைனஸ் வயரும் ஒரே போல்ட்டில் சேர்ந்து பேட்டரி மைனஸுக்கு வரட்டும். பெயிண்ட் பூசிய சேஸிஸை நம்ப வேண்டாம்.

7. ஹேண்டில்பார் கழுத்தில் வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டு, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். எங்கள் வயர் செத்தது அங்கேதான்.

சீரிஸ் பல்பு இல்லாமல் தொடாதே!

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டிவிடாதீர்கள். மெயின் பியூஸைக் கழற்றி அந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக வையுங்கள். ரிலேயை இழுக்கவிட்டு, சாதனங்களைப் போடாமல் பாருங்கள். பெட்டியில் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது. பல்பு எரியவில்லை என்றால் உங்கள் வேலை சுத்தம்.

நான் செய்த தப்புகள்

முதல் தப்பு, டயோடைத் தலைகீழாக மாட்டியது. சாவியைத் திருப்பியதும் வண்டியின் சொந்த பியூஸ் போய்விட்டது. சுருள் பக்கம் மெயின் பியூஸ் வழியாக வராததால் சீரிஸ் பல்பு அதைக் காட்டவில்லை. அதனால் 86ஐ இணைக்கும் முன் அந்த வயரிலும் ஒருமுறை பல்பை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஆம்ப்ளிபயருக்கு முதலில் 2 ஆம்பியர் பியூஸ் போட்டது. குரல் உச்சத்துக்குப் போகும்போது போய்க்கொண்டே இருந்தது. "வெள்ளித்தாளைச் சுத்தி விடுடா, சும்மா எதுக்கு நோண்டிக்கிட்டு" என்றார் அப்பா. ஊரெல்லாம் செய்கிற வைத்தியம் அதுதானே! பியூஸைப் பெரிசாக்கலாமா என்று கேட்டால், வயர் சிரமமில்லாமல் தாங்குகிற அளவு வரை ஆக்கலாம். அதற்கு மேல் கூடவே கூடாது. 1 சதுர மி.மீ. வயர் 5 ஆம்பியரை அலட்டாமல் தாங்கும். அதனால் 5 போட்டேன். வெள்ளித்தாள் எத்தனை ஆம்பியரில் உருகும் என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவது தப்பு, உப்பை மறந்தது. பின்னால் மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு. அதன் தூள் மழைக்காற்றில் ஈரத்தை இழுத்துத் தாமிரத்தைப் பச்சையாக அரித்துவிடுகிறது. பழைய முறுக்கல் ஒன்றில் 1.7 ஆம்பியர் ஓடும்போது அளந்தேன், அந்த ஒரு முடிச்சில் மட்டும் 0.4 வோல்ட் இழப்பு! முடிச்சு வெதுவெதுப்பாக இருந்தது. என் புதுப் பெட்டியிலும் முதலில் வெறும் முறுக்கல்தான் போட்டிருந்தேன். இரண்டே வாரத்தில் பச்சை பூத்துவிட்டது. பிறகு எல்லா முனையிலும் லக் அடித்து, ஹீட் ஷ்ரிங்க் மூடி, ஜெல்லி தடவினேன். உப்பு விற்காதவர்களும் இதைச் செய்யலாம். மழை எல்லோருக்கும் பொதுதான்.

கடைசிச் சோதனை

அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஹேண்டில் பக்கத்து ஆம்ப்ளிபயர் வயரின் பிளஸையும் மைனஸையும் வேண்டுமென்றே தொடவிட்டேன். "டப்" என்று ஒரு சத்தம். குரல் நின்றது. புகை இல்லை, நாற்றம் இல்லை. சார்ஜரும் விளக்கும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அப்பா கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், அப்புறம் வயரைப் பிடித்துப் பார்த்தார்.

"சுடலையேடா."

மூடியைத் திறந்து உருகிப்போன இளம்பழுப்பு பியூஸை எடுத்துக் கொடுத்தேன். அதைத் தழும்பு விழுந்த உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன வெல?" என்றார். "அஞ்சு ரூவாப்பா" என்றேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உசிலம்பட்டிக் கடையில் ஒரு பாக்கெட் பியூஸ் வாங்கி வந்து சீட்டுக்கு அடியில் அவரே கட்டிவைத்திருந்தார்.

நண்பர்களே, பால்காரர், மீன்காரர், காய்கறிக்காரர் என்று நம்மில் பலர் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு வண்டி நிற்கிறது. இந்த மலரை மூடிவைத்ததும் அதன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி பிளஸில் பியூஸ் இல்லாமல் ஒரு வயர் முறுக்கியிருந்தால், லீவு முடிவதற்குள் அதற்கு ஒரு காவல்காரனைப் போடுங்கள்.

— மின் மற்றும் மின்னணுவியல் துறை மாணவன்