மலிவான தேயிலை

பிரான்சுடன் நிகழ்ந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது, பிரிட்டன் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தது. அச்சுமையின் ஒரு பகுதியை அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது ஏற்ற, 1765இல் முத்திரைச் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும், ஏன், சீட்டுக்கட்டுக்கும்கூட வரி! தம் உறுப்பினர் ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் தமக்கு வரி விதிப்பதா எனக் குடியேற்ற மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. எனினும், பின்னர் விதித்த வரிகளை 1770இல் நீக்கியபோது, தேயிலை வரியை மட்டும் தன் உரிமையின் அடையாளமாகப் பிரிட்டன் விட்டுவைத்தது.

1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை விலை குறைந்தது. மலிவான அத்தேயிலையைத்தான் பாஸ்டன் மக்கள் 342 பெட்டிகளாகக் கடலில் கொட்டினர். வாங்கினால் வரியையும் ஏற்றதாகிவிடும் என்பது அவர்தம் அச்சம். பிரிட்டன் சினந்து துறைமுகத்தை மூடியது. 1775இல் லெக்சிங்டனில் துப்பாக்கிகள் முழங்கின. 1776 ஜூலை 4 அன்று, பதின்மூன்று குடியேற்றங்களின் பேராயம் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றது.