இரண்டாவது பொத்தான்

அறிவியல் பாடக் கட்டுரை



“டீச்சர், அனுப்பர்பாளையத்தில் இருக்கிற நமக்குக் கடலும் படகும் எதற்கு?” என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் ஊரில் அலையோசை கேட்பதில்லை. பித்தளையைத் தட்டும் சுத்தியலின் ஓசைதான் கேட்கிறது. ஆனால் உங்கள் ஆசிரியையாகிய நான் பிறந்தது இராமேசுவரம் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில். என் அண்ணன் விசைப்படகு வைத்திருப்பவர். அவருடைய படகில் ஓர் இரவு நடந்ததைச் சொல்லி, அதற்குள்ளே மறைந்திருக்கும் இயற்பியல் பாடத்தையும் சொல்லப்போகிறேன். முடிவில் நம் ஊர்ப் பாத்திரப் பட்டறைக்கே திரும்பி வருவோம்.

கச்சான் காற்று வீசிய இரவு

அது ஆடி மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் காலம். அண்ணனும், டிரைவரும், மூன்று பேரும் வலையை இழுத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தி மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து எஞ்சினை மறுபடி கிளப்பச் சாவியைத் திருப்பினார்கள். ‘டிக்’ என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். எஞ்சின் அசையவில்லை.

அண்ணன் கலங்கவில்லை. காரணம், சாவி பழுதானால் உதவட்டும் என்று, சென்ற ஆண்டுதான் ஒரு மெக்கானிக்கை வைத்துச் சாவிக்குப் பக்கத்திலேயே ஓர் அவசரப் பொத்தான் பொருத்தியிருந்தார். அதை அழுத்தினார்கள். மறுபடியும் அதே ‘டிக்’!

பாக் நீரிணைப் பகுதியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லைக்கோடு 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வகுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் 1976-இல் வகுத்தார்கள். கோடு வரைபடத்தில்தான் தெரியும், தண்ணீரில் தெரியாது. மேற்குக் காற்றோ, எஞ்சின் நின்ற படகைக் கிழக்கே, அந்தக் கோட்டை நோக்கியே தள்ளும். தாண்டிப் பிடிபட்டால் ஆட்களுக்குச் சிறை, படகு பறிமுதல். ஐந்து குடும்பங்களின் சோறு அந்த ஒரு ‘டிக்’ ஒலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாகப் பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். நங்கூரம் தரையைப் பற்றியது. விளக்கை ஆட்டிக் காட்டி விடியும்வரை காத்திருந்தார்கள். காலையில் வேறொரு படகு வந்து கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவந்தது. அன்று முழுவதும் அம்மா ஒன்றும் உண்ணவில்லை.

ஒரு வழி கெட்டால் உதவத்தானே மறுவழி வைத்தார்கள்? இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டது எப்படி? இதுதான் இன்றைய பாடம்.

டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் எதற்கு?

பாரிசில் 1858-இல் பிறந்த ஜெர்மானியர் ருடால்ஃப் டீசல் 1892-இல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். 1897-இல் அதை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினைப்போல இதற்குத் தீப்பொறி தேவையில்லை. உருளைக்குள் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அதில் டீசலைத் தூவியதும் தானே பற்றிக்கொள்கிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவந்தான்.

ஆகவே சாதாரணப் படகு எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடும். ஆனால் முதல் சுற்றைச் சுற்ற, அந்த நெருக்கத்தை எதிர்த்துத் தள்ள, வெளியிலிருந்து பலம் வேண்டும். சிறிய எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். பெரிய எஞ்சினைக் கையால் அசைக்க இயலாது. கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு ஒடிந்தவர்கள் அந்தக் காலத்தில் பலர். 1911-இல் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மோட்டார் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் அமைத்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது வந்தது. ‘இந்த மோட்டார் சில நொடிகளே உழைக்கப்போகிறது, ஆகவே சிறிய மோட்டாரிடமே பெரிய வேலை வாங்கலாம்’ என்பது அவர் கண்ட நுட்பம்.

நம் ஊரிலும் இது புதிதன்று. 2012-இல் பல மணி நேர மின்வெட்டு நம் பகுதியை வாட்டியபோது, பனியன் கம்பெனிகளில் ஜெனரேட்டரைக் கிளப்பியதும் இதே ஸ்டார்ட்டர்தான்.

சாவி செய்வது என்ன?

ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். அவ்வளவும் ஒரு சாவி வழியே ஓடினால் சாவி உருகிவிடும். ஆகவே இடையில் சோலினாய்டு என்னும் கம்பிச்சுருள் இருக்கிறது. அதற்குச் சில ஆம்பியர் போதும். அது மின்காந்தமாகி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில், ஸ்டார்ட்டரின் சிறிய பற்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கோக்கிறது. பிறகு, பேட்டரியின் தடித்த கம்பியை மோட்டாரோடு இணைக்கிறது. சாவி கட்டளையிடும் எசமானி. சுமை தூக்குவது சோலினாய்டு.

அன்றிரவு டிரைவர் அவசரத்தில் செய்த தவறும் இங்கேதான். இருட்டில் சோலினாய்டின் இரு பெரிய முனைகளையும் திருப்புளியால் இணைத்தார். மோட்டார் ‘விர்’ரென்று சுற்றியது, ஆனால் பற்சக்கரம் கோக்கவில்லை. எஞ்சின் அசையவில்லை. பறந்த தீப்பொறி அவர் விரல்களைச் சுட்டதுதான் மிச்சம். பேட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும் இடத்தில் இப்படிச் செய்தால் பேட்டரியே வெடிக்கலாம். இந்தக் குறுக்குவழியை யாரும் செய்யாதிருக்கவே ஒரு நல்ல பொத்தான் வேண்டும்.

ஓம் விதி சொன்ன தீர்ப்பு

இனி ஒரு சிறு கணக்கு. கரும்பலகையில் போடுவதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள்.

பேட்டரி 12 வோல்ட். சோலினாய்டின் மின்தடை 1 ஓம் என்றும், அதற்குச் செல்லும் கம்பியின் மின்தடை 0.2 ஓம் என்றும் கொள்வோம். மொத்தம் 1.2 ஓம். மின்னோட்டம் 12 ÷ 1.2 = 10 ஆம்பியர். சோலினாய்டுக்குக் கிடைப்பது 10 வோல்ட்; திறன் 100 வாட். வேலை நடக்கும்.

இப்போது ஓர் இணைப்பில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு ஏறி, 0.8 ஓம் கூடுகிறது. மொத்தம் 2 ஓம். மின்னோட்டம் 6 ஆம்பியர். சோலினாய்டுக்கு 6 வோல்ட். திறன் 36 வாட் மட்டுமே! இழுக்கப் பார்க்கும், முடியாது. அதுதான் அந்த ‘டிக்’.

“விளக்கு நன்றாக எரிந்ததே!” என்று அண்ணன் வியந்தார். ஒரு ஆம்பியர் மட்டுமே எடுக்கும் விளக்குக்கு அதே களிம்பின் வழியே ஒரு வோல்ட்கூட முழுதாகக் குறையாது. ஆகவே விளக்கு எரிவதைக் கொண்டு கம்பி நலமாக உள்ளது என்று முடிவு செய்யலாகாது. சிறு சுமையைத் தாங்குவது பெருஞ்சுமையையும் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கரைக்கு வந்து சோதித்தபோது களிம்பு இருந்த இடம் தெரிந்தது. பேட்டரியிலிருந்து சாவிப் பலகைக்கு வரும் கம்பியின் இணைப்பில்! சாவியும் அதிலிருந்தே மின்சாரம் பெற்றது. அவசரப் பொத்தானும் அதிலிருந்தே பெற்றது. பார்வைக்கு இரண்டு பொத்தான்கள். உண்மையில் ஒரே வழி. ஒரே கிணற்றில் இரண்டு வாளி விட்டதுபோல! கிணறு வற்றினால் இரண்டு வாளியும் வெறும் வாளிதானே?

சரியான இரண்டாவது வழி

அண்ணன் இம்முறை செய்தது இது. படித்து மனத்தில் வரைந்து பாருங்கள்.

1. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புதிதாக ஒரு தனிக் கம்பி. பேட்டரிக்கு அருகிலேயே அதற்கென ஒரு தனிப் பியூஸ். உராய்ந்து தேய்ந்த கம்பி தீப்பிடிக்காமல் காப்பது இதுவே.

2. அந்தக் கம்பி சாவிப் பலகைக்குப் போகாமல் எஞ்சின் அறையிலேயே ஒரு பொத்தானுக்குச் செல்கிறது. கம்பி குட்டையானால் மின்தடையும் குறைவு.

3. பொத்தானிலிருந்து சோலினாய்டின் சிறிய முனைக்கு இணைப்பு. சாவியின் கம்பியும் அங்கேயே வந்து சேர்கிறது. இதுவே நீங்கள் படித்த பக்க இணைப்பு. இரண்டில் எது மூடினாலும் சுற்று நிறைவுறும்.

4. பொத்தான் வீட்டு அழைப்புமணிப் பொத்தானைப்போல, கையை எடுத்ததும் தானே விலகும் வகையாக இருக்க வேண்டும். அழுத்தியபடியே நின்றுவிட்டால் எஞ்சின் ஓடிய பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றி எரிந்துபோகும். சோலினாய்டு எடுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும் தரமும், நீர் புகாத மூடியும் அதற்கு வேண்டும்.

5. கியர் பூட்டியிருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி சில படகுகளில் ஒரு காப்பு உண்டு. நேர்ப்பொத்தான் அந்தக் காப்பைத் தாண்டிப் போகிறது. ஆகவே பொத்தான் அருகில் ‘கியர் நியூட்ரலில் உள்ளதா?’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள்.

6. வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார்கள். எல்லாம் முடிந்த பின்பே மாட்டினார்கள்.

இந்தப் பொத்தானுக்கும் ஓர் எல்லை உண்டு. பேட்டரியே சக்தி இழந்திருந்தால் எத்தனை பொத்தான் வைத்தாலும் பயனில்லை. அதற்கு இரண்டாவது பேட்டரி வேண்டும். மேலும், அவசரப் பொத்தான் பழுதுக்கு மருந்தன்று. அது கரை சேர்க்கும்; கரை சேர்ந்ததும் சாவி வழியைப் பழுது பார்த்தே ஆக வேண்டும். இல்லையேல் இரண்டாவது வழியே ஒரே வழியாகிவிடும். அண்ணன் இப்போது வாரம் ஒருமுறை, கரையில் இருக்கும்போதே, அந்தப் பொத்தானைக்கொண்டு எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிறார். சோதித்துப் பாராத மாற்று வழி, இருப்பதாக நாம் நம்பும் வழி மட்டுமே.

மீண்டும் நம் பட்டறைக்கு

களிம்பு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வந்தது? நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரந்தானே! செம்பிலும், செம்பு கலந்த பித்தளையிலும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சை பிடிக்கிறது. பாட்டி புளி போட்டுத் துலக்கினாள். புளியின் அமிலம் களிம்பைக் கரைத்தது. சமைக்கும் பாத்திரத்துக்குள்ளே களிம்பு ஏறாதிருக்க ஈயம் பூசினார்கள். கடலில் பயன்படும் நல்ல மின்கம்பிகளிலும் செம்பு இழைகளுக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். அண்ணன் புதிதாக வாங்கியதும் அந்தக் கம்பிதான். அதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்ப் பட்டறைகளே நினைவுக்கு வந்தன. இணைப்புகளைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் செல்கள், ஒரு சிறு பல்பு, இரண்டு அழைப்புமணிப் பொத்தான்கள், கொஞ்சம் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொடவேண்டாம்.

முதலில் இரண்டு பொத்தான்களையும் தொடரிணைப்பில் வையுங்கள். ஒன்றை மட்டும் அழுத்தினால் பல்பு எரிகிறதா? பிறகு பக்க இணைப்பில் வையுங்கள். இப்போது? கடைசியாக, பக்க இணைப்பில் உள்ள இரண்டுக்கும் பொதுவான கம்பியைக் கழற்றிவிட்டு இரண்டையும் அழுத்துங்கள். அன்றிரவு அண்ணன் படகில் நடந்ததை உங்கள் மேசையின் மேலேயே காண்பீர்கள்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அப்பாவின் கம்பெனி ஜெனரேட்டருக்கு ஒரே சாவிதானா? வீட்டுச் சாவியின் நகல் எங்கே இருக்கிறது? அதே சாவிக்கொத்திலா? அவசரத்துக்கென்று வைத்த டார்ச்சின் செல்லை எப்போது மாற்றினீர்கள்?

மாற்று வழி வைப்பது முன்யோசனை. அது முதல் வழியோடு எங்கும் ஒட்டாமல் தனித்து நிற்கிறதா என்று ஆராய்வது அறிவு. அதை ஓய்வு நாளிலேயே சோதித்து வைப்பது பொறுப்பு. இம்மூன்றும் சேர்ந்தால், ஆடிக் காற்றடிக்கும் இரவிலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் நிம்மதியாகச் சோறு உண்பாள்.

— இயற்பியல் ஆசிரியை