தராசுப் பக்கம் நின்றவர் யார்?

பசறை

அன்பு மருமகனுக்கு,

கெம்பஸ் விவாதத்தில் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவுக்குப் புள்ளி போடச் சொல்கிறார்கள், எவ்வளவு போடலாம் மாமா என்று கேட்டிருந்தாய். தோட்டப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் புள்ளி போட்டவன் சொல்கிறேன், முதலில் வினாத்தாளைப் பார்.

நம் ஆட்களிடம் இருக்கும் வினாத்தாளில் ஒரே கேள்விதான்: 'வந்தாரா?' மண்சரிவுக்கு வந்தாரா, தேருக்கு வந்தாரா, சாவு வீட்டுக்கு வந்தாரா. உன் அம்மாயி கொழுந்தெடுத்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கத் தலைவர்மார் இருந்தார்கள். ஒருவர் மேதினத்தில் பேசினால் மலை அதிரும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. மற்றவருக்குப் பேச்சே வராது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுப் பக்கம் வந்து நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழிக்கிற கை அன்றைக்குக் கொஞ்சம் தயங்கும். பாதிச் சம்பளம் மட்டும் போடுகிற அரைப்பேர் விழுவதும் குறையும். அம்மாயி யாருக்குச் சந்தா கொடுத்தார் என்று உனக்கே தெரியும்.

நாடாளுமன்றத்திலும் மடுவங்கள் உண்டு. கேள்வி நேரம் ஒன்று, நிதிக்குழு இன்னொன்று. அரசியலமைப்புப் பேரவையில் எதிர்க்கட்சித் தலைவருக்குப் பதவி வழியாகவே நாற்காலி இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதியரசர், பொலிஸ் மா அதிபர் நியமனமெல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். 2024 பெப்ரவரியில் பொலிஸ் மா அதிபர் பதவிக்குத் தேசபந்து தென்னக்கோனின் பெயர் வந்தபோது, போதிய வாக்கு விழவில்லை, இந்த நியமனம் செல்லாது என்று சஜித் மறுத்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த நியமனத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. நம் லயத்தில் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை. எனக்கோ அவர் செய்த உருப்படியான வேலைகளில் இதுதான் முதலில் வரும்.

கட்சி கட்டினதற்கும் புள்ளி உண்டு. 2020இல் புதுக் கட்சியோடு வந்து 54 ஆசனம் எடுத்தார். பழைய ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. ஆனால் கட்டினதைக் காப்பாற்றினாரா? ஆகஸ்டில் பதுளையில் அவர் சின்னத்தில் வென்ற அரவிந்தகுமார், ஒக்டோபரில் அரசு கொண்டுவந்த அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்துக்குக் கை தூக்கினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அடுத்தது 2022 மே. நாடு பெற்றோல் வரிசையில் நின்றபோது பிரதமர் பதவி இவரைத் தேடி வந்தது. இவர் நிபந்தனை எழுதிக்கொண்டிருந்தார். ஒற்றை ஆசனக்காரர் ரணில் 12ஆம் திகதி சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டார். நிபந்தனை பிழை என்று சொல்லமாட்டேன், ஜனாதிபதி கோட்டாபயவின் கீழ் போய் உட்காரத் தயங்கியதும் நியாயம்தான். ஆனால் மழை இறங்கின பிறகு கூரைத் தகரத்துக்கு விலை பேசினால் யார் காத்திருப்பார்?

அடுத்த வாரமே அவரை விட்டுப் போய் அமைச்சரானவர்களில் ஹரின் பெர்னாண்டோ ஒருவர். அவரை நம் ஊவா மறக்காது. 2014 செப்டெம்பரில் எம்.பி. பதவியை விட்டு மாகாண சபைத் தேர்தலில் குதித்தார். 2009இல் 72 வீதம் எடுத்திருந்த அப்போதைய ஜனாதிபதி மகிந்தவின் கூட்டணி 51 வீதத்துக்கு இறங்கியது. தோற்ற தேர்தல்தான், 19 ஆசனத்துக்கு 13. ஆனால் மகிந்தவையும் தோற்கடிக்கலாம் என்று நாடு நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான். அடுத்த ஜனவரியில் அதுவே நடந்தது. தோற்ற எதிர்க்கட்சிக்காரருக்கு நான் முழுப்புள்ளி போட்ட ஒரே தடவை அது. அதே கை 2022இல் அமைச்சுப் பதவியை வாங்கியது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைத்தேன். அந்த மாகாண சபை 2019இல் கலைந்தது, பிறகு தேர்தலே இல்லை. ஊவாவுக்கென்று ஓர் எதிர்க்கட்சித் தலைவரை நீ விவரம் தெரிந்த வயதில் பார்த்ததே இல்லை, பாவம்.

2024ஐயும் கவனி. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் சஜித்துக்குத்தான் முதலிடம். நவம்பரில் அதே பதுளை ஒன்பது ஆசனத்தில் ஆறை தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. இவர் கட்சிக்கு இரண்டு. சனம் கட்சி மாறிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. செப்டெம்பரில் ஆளப்போகிறவரைத் தேடினார்கள். நவம்பரில், இனி எதிரே உட்காரப்போகிறார், அதற்கு இவர் எதற்கு என்று கேட்டுவிட்டார்கள். எதிர்க்கட்சி வேலையும் வேலைதான் என்று அவர் நம் சனத்துக்குக் காட்டவேயில்லை.

என் கைக்குத் தாள் வந்தால் ஓர் 'எஸ்' போடுவேன். சித்திதான், கொண்டாட ஒன்றுமில்லை. நீ என் புள்ளியைக் கொப்பி அடிக்காதே. நூலகத்தில் நாடாளுமன்றப் பேச்சைப் பதிந்த ஹன்சார்ட் இருக்கும், அதைப் புரட்டு. உதாரணத்துக்கு, நம் மாவட்டத்து மீரியபெத்த தோட்டம் மண்சரிவு ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. மலை இறங்கியது 2014 ஒக்டோபர் 29இல். எச்சரித்ததற்கும் இறங்கியதற்கும் நடுவில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எத்தனை பேர் எழுந்து, அந்தச் சனத்தை எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று கேட்டார்கள்? சஜித் இருக்கும் காலத்திலும் இதே மாதிரி ஆபத்து லயங்களைப் பற்றி எத்தனை கேள்வி, விடை வராதபோது திரும்பக் கேட்டாரா, எண்ணிப் பார். எண்ணிக்கையை எனக்கும் எழுது.

அத்தை கோப்பித்தூள் கட்டி வைத்திருக்கிறாள். லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
மாமா