கைப்பிடி இறங்கவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள்!

மாணவர்களே, உங்கள் பள்ளிக் கழகத்தில் பட்டன் பேட்ஜ் செய்யும் கை இயந்திரம் இருக்கிறதா? கேன்டீன் நாளுக்கு நூறு பேட்ஜ் செய்யும் அவசரத்தில் அது பாதியில் நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எங்கள் கழக மாணவர்கள் இருவர் சேர்ந்து கைப்பிடியில் தொங்கினார்கள். பேட்ஜ் வரவில்லை. கைப்பிடியை இணைக்கும் இரும்பு ஆணிதான் வளைந்தது. உள்ளே பார்த்தபோது ஒரு தகர மூடிக்குப் பதில் இரண்டு மூடிகள் ஒட்டிக் கிடந்தன.

ஆணி ஏன் வளைந்தது? இந்த இயந்திரம் ஒரு நெம்புகோல். கைப்பிடியின் நுனி ஆதாரப்புள்ளியிலிருந்து 30 செ.மீ. தூரத்திலும், அச்சை அழுத்தும் தண்டு 3 செ.மீ. தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். நீங்கள் 100 நியூட்டன் விசை கொடுத்தால்,

100 × 30 = விசை × 3

அச்சின் மேல் விழும் விசை 1000 நியூட்டன். 10 கிலோ அரிசி மூட்டையின் எடை, 100 கிலோ எடையாகப் பெருகுகிறது! உராய்வால் இதில் கொஞ்சம் குறையும். தகர மூடியின் விளிம்பை மடக்க இந்த விசை தேவைதான். ஆனால் வழியில் தடை இருந்தால் அதே விசை ஆணியை வளைக்கும், அச்சைக் கீறும். இருவர் தொங்கினால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே, முதல் விதி: வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் உடனே கையை நிறுத்துங்கள்.

இரண்டாவது, பழுதை இரண்டாகப் பிரியுங்கள். அச்சுகளில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, காலி இயந்திரத்தின் கைப்பிடியை மெதுவாக இறக்குங்கள். காலியாக இருக்கும்போதும் இறங்கவில்லை என்றால் குறை இயந்திரத்தில் இருக்கிறது. தடையின்றி இறங்கினால் குறை நீங்கள் வைத்த பொருள்களில் இருக்கிறது. ஒரே சோதனையில் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இயந்திரத்தில் குறை இருந்தால், கீழ் அச்சு தன் இடம்வரை முழுமையாக நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் விலகி நின்றாலும் மேல் அச்சு அதன் விளிம்பில் மோதும். அடுத்து, மேல் அச்சுக்குள் பழைய மூடி ஏதும் சிக்கியுள்ளதா என்று பாருங்கள். அதை மரக்குச்சியால் எடுங்கள்; விரலை உள்ளே விடவே கூடாது. அப்போது இன்னொருவர் கைப்பிடியைத் தொடவும் கூடாது. தண்டு வறண்டு கிறீச்சிட்டால், உராய்வைக் குறைக்க அதில் ஒரு துளி இயந்திர எண்ணெய் போதும். அச்சில் எண்ணெய் படக்கூடாது. பட்டால் படம் கறையாகிவிடும்.

பொருளில் குறை இருந்தால், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். தகர மூடிகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து, இரண்டு ஒன்றுபோலத் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் நிலைமின்சாரத்தால் ஒட்டிக்கொள்ளும். விரல்களால் தேய்த்துப் பிரியுங்கள். வாழ்த்து அட்டை போன்ற தடித்த தாளில் படத்தை அச்சிட்டிருந்தாலும் விளிம்பு மடங்காது. சாதாரண அச்சுத் தாளே போதும்.

கைப்பிடி இறங்குகிறது, ஆனால் பேட்ஜ் அழகாக இல்லையா? விளிம்பில் சுருக்கம் விழுந்தால் தாளின் அளவைப் பாருங்கள். 58 மி.மீ. பேட்ஜுக்குப் படத்தாள் பெரும்பாலும் 70 மி.மீ. விட்டத்தில் வெட்டப்படும். சுற்றிலும் மிஞ்சும் 6 மி.மீ. தாள்தான் பின்பக்கம் மடிகிறது. அது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், தாளை நடுவில் வைக்கவில்லை என்று பொருள். பின்பகுதி கழன்று விழுந்தால், கடைசி அழுத்தத்தில் கைப்பிடியை முழுவதும் இறக்கவில்லை அல்லது ஊக்குள்ள பின்பகுதியைத் தலைகீழாக வைத்துவிட்டீர்கள். படம் நேராக இருந்து ஊக்கு மட்டும் சாய்ந்திருந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். கீழ் அச்சில் ஒரு கோடு வரைந்து, ஊக்கை அதற்கு நேராக வையுங்கள்.

மூன்றாவது விதி மிக முக்கியம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தாளை மாற்றி, எண்ணெயும் விட்டு, அச்சையும் துடைத்த பிறகு இயந்திரம் ஓடினால், எது சரிசெய்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? நாளை அதே பழுது வந்தால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். தொடக்கப்பள்ளியிலேயே நீங்கள் படித்ததுதான் இது: தற்சார்பு மாறி ஒன்று மட்டும், மற்றவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். சோதனை அறிக்கையில் எழுதுவதற்காக மட்டும் வந்த பாடம் அல்ல அது. சைக்கிள் சங்கிலி, தையல் இயந்திரம், வீட்டு மின்விசிறி எதுவானாலும் இதே வழிதான்.

இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். எங்கே நின்றது, எதை மாற்றினோம், என்ன ஆனது என்று மூன்றே வரிகள் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர் கைப்பிடியில் தொங்க மாட்டார்கள்.

சிந்திக்க: கைப்பிடியின் நீளம் 24 செ.மீ., தண்டு 4 செ.மீ. தூரத்தில் உள்ளது. 50 நியூட்டன் விசை கொடுத்தால் அச்சில் எவ்வளவு விசை விழும்? உராய்வைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். (விடை: 300 நியூட்டன்)