முன்நெற்றியை அல்ல, பின்மண்டையைப் பார்

நாகலாபுரம்

அன்புள்ள மருமகனுக்கு,

முடி நடுவதற்குப் பட்டையாக வெட்டியெடுக்கும் எஃப்.யூ.டி. நல்லதா, வேர்வேராக எடுக்கும் எஃப்.யூ.இ. நல்லதா என்று கேட்டிருக்கிறாய். விளம்பரங்கள் எல்லாம் முன்நெற்றியைத்தான் காட்டுகின்றன. நீ பார்க்க வேண்டியது பின்மண்டையை. இந்தச் சிகிச்சை புதிதாக ஒரு முடியைக்கூட உண்டாக்குவதில்லை. பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் வைக்கிறது, அவ்வளவுதான். எங்கே நட்டாலும் பின்மண்டை முடி தன் பழைய குணத்தோடுதான் வளரும் என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எழுதினார். வழுக்கை விழும் இடத்தில் நட்ட முடி கொட்டாமல் நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக் கூடியது ஏறக்குறைய 4,000 முதல் 6,000 கிராஃப்ட். ஒரு கிராஃப்ட்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும். வழுக்கை முழுதாக விரிந்த தலையை நிரப்ப அது போதவே போதாது. ஆகவே எந்த முறை என்பதைவிட, இந்தக் கையிருப்பை எந்த வயதில், எவ்வளவு செலவழிக்கிறாய் என்பதுதான் பெரிய கேள்வி. முறையையும் அதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எஃப்.யூ.டி.யில் பின்மண்டையின் நடுவிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் தோலை நீளப் பட்டையாக வெட்டியெடுத்துத் தைத்துவிடுவார்கள். பிறகு அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஒவ்வொரு மயிர்க்காலாகப் பிரிப்பார்கள். காதுக்குக் காது ஒரு கோடு தழும்பாக நின்றுவிடும். எஃப்.யூ.இ.யில் பின்மண்டை முடியை ஒட்ட வெட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வாய் கொண்ட பஞ்ச்சால் ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி அறுத்து உருவுவார்கள். தையல் இல்லை, கோடு இல்லை, வலியும் சீக்கிரம் அடங்கும். 'தழும்பே இல்லாத சிகிச்சை' என்று விற்கிறார்களே, அது மட்டும் உண்மையில்லை. எடுத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது எடுப்பாகவே தெரியும். அதோடு ஒரே நாளில் எண்ணிக்கையை ஏற்ற நினைப்பவர்கள் பாதுகாப்பான நடுப்பகுதியைத் தாண்டி, மேலும் கீழும் போய் எடுப்பார்கள். அங்கிருந்து எடுத்த முடி பிற்காலத்தில் கொட்டக் கூடியது. பின்மண்டையும் பூச்சி அரித்தது போலத் திட்டுத்திட்டாகிவிடும். டி.ஹெச்.ஐ. என்று கூடுதல் பணம் கேட்கும் இடங்களும் உண்டு. அது நடுவதற்கான பேனா போன்ற கருவியைப் பற்றியது. முடியை எடுப்பதென்னவோ அதே எஃப்.யூ.இ. வழியில்தான். எடுக்கும் முறைக்கும் நடும் முறைக்கும் போட்டி வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

எஃப்.யூ.டி. பழைய முறை, வழக்கொழிந்தது என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழுக்கை பெரிதாக விரியப் போகிறவருக்கு, நிலைத்து நிற்கும் நடுப்பகுதியிலிருந்தே நிறைய முடி எடுக்கவும், சுற்றியுள்ள பகுதியை அடுத்த முறைக்கு மிச்சம் வைக்கவும் அது உதவுகிறது. மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்துப் பிரிப்பதால் வேர் அறுபடுவதும் குறைவு. முடியை எப்போதும் ஓரளவு நீளமாக விட்டுக்கொள்பவருக்கு அந்தக் கோடு வெளியே தெரியப் போவதுமில்லை. ஆனால் நம் பக்கத்து வாழ்க்கை வேறு. நாகலாபுரத்தில் பிறந்தவன் எத்தனை முறை திருமலை கல்யாண கட்டாவில் உட்கார்ந்து மொட்டை போடுவான் என்று கணக்குப் பார். வேண்டுதல், பிள்ளை பிறப்பு, வீட்டில் சாவு என்று ஆயுளில் பலமுறை கத்தி தலையில் படும். தண்ணீர் தெளித்துக் கத்தியை இழுத்ததும் முதலில் வெளியே வருவது அந்தக் கோடுதான். அதனால் மொட்டை போடுவதை விடப் போவதில்லை என்றால் உனக்கு எஃப்.யூ.இ.தான் பொருந்தும். அதுவும் கொஞ்சமாக, பரவலாக எடுத்தால் மட்டுமே புள்ளிகள் உறுத்தாது. நட்ட முடி முழுதாக வளர ஒரு வருடம் ஆகும்; அதுவரை மொட்டையைத் தள்ளிப்போடு. நீ மொட்டை போடுவாயா என்று எந்த விளம்பரமும் உன்னிடம் கேட்காது. நல்ல மருத்துவர் கேட்பார்.

இவ்வளவு சொன்னபிறகும், உன் வயதுக்கு இப்போது இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இருபத்தைந்தில் நெற்றிக்கு மட்டும் 3,000 கிராஃப்ட் நட்டுவிட்டால், அதற்குப் பின்னால் உச்சியில் இருக்கும் சொந்த முடி தன் போக்கில் கொட்டிக்கொண்டே போகும். முன்னால் ஒரு தீவு, நடுவில் வெட்டவெளி என்று நாற்பதில் நிற்பாய். நிரப்பப் பின்மண்டையில் போதிய மிச்சம் இருக்காது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது காத்திருக்க முடியுமா என்பாய். நியாயமான கவலைதான், நம் ஊரில் பெண் வீட்டார் என்ன பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் திரும்ப முளைக்கத் தொடங்கும். அவசரத்துக்கு உதவுகிற சிகிச்சையே அல்ல இது. அதற்குப் பதில் மருந்து இருக்கிறது: மினாக்சிடிலும் ஃபினாஸ்டரைடும் கொட்டுவதை நிறுத்தவும் ஓரளவு மீட்கவும் கூடியவை. மருந்தை நிறுத்தினால் பலன் போய்விடும் என்பதும், ஃபினாஸ்டரைடால் சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவு வரும் என்பதும் உண்மை. அதனால்தான் கடையில் வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்கச் சொல்கிறேன். மருந்தைப் பாதியில் விடலாம், வெட்டியெடுத்த தோலைத் திரும்ப ஒட்ட முடியாது.

செய்வதென்று முடிவானால், யார் கையால் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. 2016 மே மாதம் சென்னையில் இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடப் போன இடத்தில் உடல்நிலை மோசமாகி, வேலூருக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்று பிறகு தெரியவந்தது. மருத்துவம் படித்த பையனே ஏமாந்தான் என்றால் நீயும் நானும் எம்மாத்திரம்? அந்த இடம் மட்டும் மரத்துப்போகப் போடும் ஊசிமருந்துக்கு உடல் எடையைப் பொறுத்து ஓர் உச்ச அளவு உண்டு. மணிக்கணக்கில் ஆயிரக்கணக்கான கிராஃப்ட் எடுக்கும்போது அந்த அளவைத் தாண்டினால் இதயமும் மூளையும் பாதிக்கப்படும். ஒரே அமர்வில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்ற பேச்சை நான் சலுகையாகப் பார்க்கவில்லை, ஆபத்தாகவே பார்க்கிறேன். அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் முடி நட வேண்டும், பயிற்சிப் பட்டறையிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் எழுத்தாகவே சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, சருமநோய் மருத்துவரா, பதிவு எண் என்ன, பஞ்ச்சைப் பிடிக்கப் போவது அவரா டெக்னீஷியனா என்று நேரடியாகக் கேள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடு. குறைந்த செலவில் செய்கிறார்களே என்பாய். தவறாக எடுத்த பின்மண்டையை முழுதாகச் சரிசெய்ய எந்த விலைக்கும் வழி கிடைக்காது.

இந்த வாரம் அட்வான்ஸ் எதுவும் கட்டாதே. திருப்பதி ரூயா மருத்துவமனை சருமநோய்ப் பிரிவில் ஒரு நாள் காட்டு. தைராய்டு, இரத்தசோகையால் கொட்டுகிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள். ஒரே வெளிச்சத்தில் முன், உச்சி, பின்மண்டை மூன்றையும் மாதம் ஒருமுறை படம் எடுத்து வை. மருந்து தொடங்கி ஒரு வருடம் ஆனதும் அந்தப் படங்களோடு வா, உட்கார்ந்து பேசுவோம். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் மாமா