மெலிந்த உடலிலும் மறைந்திருக்கும் கொழுப்பு

“நான் பருமனானவன் இல்லையே, எனக்கு எப்படிச் சர்க்கரை நோய் வந்தது?” மருத்துவரின் முன் அமரும் பலர் கேட்கும் கேள்வி இது. உடன் வரும் குடும்பத்தாரும், இரத்தப் பரிசோதனை முடிவு தவறாக இருக்குமோ என ஐயுறுவர். அந்த ஐயத்தால் சிகிச்சை தள்ளிப்போவதும் உண்டு. உடற்கொழுப்பு குறித்த ஆய்வுகள் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றன.

ஒரே எண், இரு உடல்கள்

உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளதா என அறிய உதவுவது, பி.எம்.ஐ. எனச் சுருக்கமாக வழங்கும் உடல் நிறை குறியீட்டெண் ஆகும். எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 2004ஆம் ஆண்டில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால், யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. எடைக்கருவி தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. தெற்காசிய மக்களிடம் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கும் இயல்பு பரவலாகக் காணப்படுகிறது. ஆகவேதான் இந்தியர்களுக்குக் குறியீட்டெண் 23ஐ எட்டினாலே கூடுதல் எடை எனவும், 25ஐ எட்டினால் உடற்பருமன் எனவும் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

சேரும் இடமே முக்கியம்

கொழுப்பு முழுவதும் தீங்கானதன்று. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு, மிகுதியான ஆற்றலைச் சேமிக்கும் குதிர் போன்றது. குதிர் நிறைந்துவிட்டால் எஞ்சிய நெல்லை வீட்டின் அறைகளில் கொட்ட நேரிடும். அதுபோல், தோலடியில் இடம் போதாதபோது கொழுப்பு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்கிறது. அதனால் இன்சுலினின் கட்டளைக்கு உடல் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் உயர்கின்றன. குதிரின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலால் ஒருவருக்குத் தீங்கு செய்யாத எடை மற்றொருவருக்கு நோய் தரலாம்.

எடை குறையாவிடினும் பயன் உண்டு

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நோய்க்கு ஆளாயினர். உணவிலும் உடலுழைப்பிலும் மாற்றம் செய்தோரிடம் இது 39.3 விழுக்காடாக இருந்தது. இவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து, முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை.

வீட்டிலேயே அளக்கும் முறை

1. காலையில் உண்பதற்கு முன் நிமிர்ந்து நிற்கவும்.
2. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே அளவு நாடாவைச் சுற்றவும். நாடா தோலை இறுக்கலாகாது.
3. வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்டதும் அளவைக் குறித்துக்கொள்ளவும்.

ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால், எடை எதுவாயினும் மருத்துவரிடம் கூறி, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்க. கருவுற்ற பெண்களுக்கு இவ்வளவு பொருந்தாது.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

நோயாளரைக் குறை கூறுவதால் பயனில்லை. வீட்டார் அனைவரும் அவருடன் சேர்ந்து மாறுவதே துணையாகும். தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். மாலையில் அரை மணி நேரம் உடன் நடந்து செல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு, உணவைக் குறைக்கும்போதும் உடற்பயிற்சியைக் கூட்டும்போதும் சர்க்கரை அளவு திடீரெனத் தாழக்கூடும். எனவே முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.